எண்மணிக் கஞ்சி

கஞ்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் முகம் சற்றே சுருங்குவதுண்டு. ஒன்று, அது காய்ச்சலில் கிடப்பவருக்கு உரிய உணவு. இல்லையேல், இல்லாதவருக்கு உரிய உணவு. "கஞ்சிக்கும் வழியில்லை" என்பதைவிடக் கடுமையாக வறுமையைச் சொல்ல நம்மிடம் வேறு தொடர் இல்லை. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, பசித்தவருக்குக் கஞ்சி வார்ப்பதற்கென்றே மணியக்காரர் சத்திரம் எழுந்தது. அதனை ஒட்டி வளர்ந்து இன்று ஸ்டான்லி எனப் பெயர் பூண்டுள்ள மருத்துவமனையை வடசென்னை மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கிவந்தனர். நோய், வறுமை ஆகிய இரண்டும் அந்த ஒரே பெயரில் அடங்கிவிட்டன.

ஆனால் நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் மற்றொரு பெருநாட்டில், கஞ்சி ஒரு திருநாள் உணவு. சீனர் தம் சந்திர ஆண்டின் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாளில், பலவகைத் தானியமும் பயறும் கொட்டையும் உலர்கனியும் ஒன்றாகச் சேர்த்து, இனிப்பிட்டுக் கஞ்சி காய்ச்சுகின்றனர். அந்நாள் பெரும்பாலும் ஜனவரித் திங்களில், நம் பொங்கலுக்கு முன்னோ பின்னோ வரும். திருநாளன்று காய்ச்சுவதற்கு 'லாபா ஜோ' என்று பெயர். மற்ற நாள்களில் வீட்டிலும் கடையிலும் உண்பதற்குப் 'பாபாவ் ஜோ' என்று பெயர். 'ஜோ' என்றால் கஞ்சி. 'பா' என்றால் எட்டு. 'பாவ்' என்றால் அருஞ்செல்வம், மணி. நம் மொழியில் மாணிக்கமும் மணி, நெல்லும் மணி. ஆதலின் இதனை 'எண்மணிக் கஞ்சி' என்று நாம் அழைத்தால் பொருள் சிறிதும் பிசகாது.

இதனைக் கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் அடுப்பில் எளிதாகச் செய்துகொள்ளலாம். செய்முறையைக் கூறுமுன், இக்கஞ்சியின் கதையைச் சிறிது பார்ப்போம்.

புத்தருக்குப் படைத்த பாற்சோறு

இக்கஞ்சியின் வேர் இந்திய மண்ணில் இருக்கிறது. கடுந்தவத்தால் உடல் மெலிந்திருந்த கௌதமருக்குச் சுஜாதை என்னும் பெண் பாற்சோறு அளித்தாள் என்றும், அதனை உண்டு வலிமை பெற்ற பின்னரே அவர் போதி மரத்தடியில் அமர்ந்து ஞானம் எய்தினார் என்றும் பௌத்த மரபு கூறும். சீனப் பௌத்தர்கள் அந்த ஞான நாளைப் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாளாகக் கொண்டனர். அன்று கோயில்களில் கஞ்சி காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வார்க்கலாயினர். சோங் அரசர்களின் தலைநகராக விளங்கிய கைபெங் நகர வாழ்க்கையை விவரித்து மெங் யுவான்லாவ் என்பவர் எழுதிய நூலில், அந்நாளில் பெருங்கோயில்கள் 'ஏழு மணி, ஐந்து சுவைக் கஞ்சி' வழங்கிய செய்தி காணப்படுகிறது. அந்நூலின் முன்னுரை 1147ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றும் ஹாங்சௌ நகரின் லிங்யின் கோயில் முதலிய இடங்களில் அன்று விடியற்காலையிலேயே மக்கள் கிண்ணம் ஏந்தி வரிசையில் நிற்கின்றனர்.

கோயில் கதையோடு குடிசைக் கதையும் ஒன்று உண்டு. 1368இல் மிங் அரசை நிறுவிய சூ யுவான்ஜாங் இளமையில் வறியவர், மாடு மேய்த்தவர். பசி தாளாத ஒருநாள் அவர் எலி வளையைத் தோண்டினாராம். அதனுள் எலி சேர்த்துவைத்திருந்த அரிசியும் பயறும் கொட்டையும் கலந்து கிடக்க, அவற்றை அப்படியே கஞ்சியாக்கிப் பருகினாராம். அரியணை ஏறிய பின்னர், அந்தச் சுவையை மறவாது அதே கஞ்சியை அரண்மனையில் காய்ச்சச் செய்தார் என்பது சீன மக்களிடையே வழங்கும் கதை. வரலாறோ, கற்பனையோ, நமக்கு அது அயலாகத் தோன்றுவதில்லை. அறுவடை முடிந்த வயல்களில் எலி வளையைத் தோண்டி நெல் எடுத்த ஏழை மக்களை நம் வீட்டு முதியவர்கள் பலர் கண்டிருப்பர்.

மூன்றாவதாக ஒரு கதை இல்லறத்தாருக்கென்றே அமைந்தது. பெற்றோர் சேர்த்துவைத்த களஞ்சியத்தைச் சோம்பலால் அழித்த இளம் தம்பதியர், கடுங்குளிரில் பானைகளின் அடியையும் தரையின் இடுக்குகளையும் துடைத்துத் திரட்டிய கடைசி மணிகளைக் கஞ்சியாக்கி உண்டனராம். பானையில் இருப்பதை மதிக்கக் கற்பிப்பதற்காகச் சீனத் தாய்மார்கள் இதனைக் குழந்தைகளுக்குச் சொல்வர்.

கொச்சியும் சீனமும்

கொச்சிக்குச் சீனர் புதியவரல்லர். 1405 முதல் 1433 வரை இந்துமாக்கடலில் ஏழு முறை வலம்வந்த தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொச்சியைத் தொட்டுச் சென்றன. உடன்வந்த மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், கொச்சியையும் அதன் மிளகு வாணிகத்தையும் தம் நூலில் விரித்தெழுதினார். அதே தளபதி இலங்கையில் நாட்டச் செய்த, 1409ஆம் ஆண்டிட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பொறிக்கப்பட்டது; அது இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டைக் கொச்சிக் கரையில் நிற்கும் சீனவலைகள் எவ்வழியே வந்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நம் அயல்வீட்டு மலையாளப் பெண்மணியின் சமையலறையில் 'சீனச்சட்டி'யும், ஊறுகாய் இட்டுவைக்கும் 'சீனபரணி'யும் இன்றும் இருக்கின்றன. நம் வீட்டிலும் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோம் அல்லவா?

நம்மிடமிருந்து வெளியே சென்ற சொல்லும் ஒன்று உண்டு. அதுவே 'கஞ்சி'. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான இச்சொல்லை, 1500இல் கொச்சிக்கு வந்த போர்ச்சுக்கீசியர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். கோவாவில் 1563இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துநூலில் அது இடம்பெற்றது. இன்று போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் 'கான்ஜா' என்பது கோழியும் அரிசியும் இட்டுக் காய்ச்சும் ஒரு சாறு. ஆங்கிலத்தில் அது 'கான்ஜி' ஆயிற்று. சீனர் தம் 'ஜோ'வை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது இச்சொல்லையே எழுதுகின்றனர். நாம் சொல்லக் கூசும் ஒரு சொல்லை உலகம் இத்தனை மதிப்போடு வைத்திருக்கிறது.

ஆடியும் கர்க்கடகமும்

கேரளத்தில் குடியேறிய நமக்கு, கஞ்சியை மதிக்கும் மற்றொரு மரபும் அன்றாடம் கண்ணெதிரே இருக்கிறது. நம் ஆடி மாதமே மலையாளிகளின் கர்க்கடகம். மழை ஓயாத அம்மாதத்தில் அவர்கள் நவர அரிசியுடன் வெந்தயமும் சீரகமும் மூலிகைகளும் சேர்த்துக் காய்ச்சிய 'கர்க்கடகக் கஞ்சி'யை ஒரு நோன்பு போலப் பருகுகின்றனர். ஏறத்தாழ அறுபது நாளில் விளையும் நவர நெல்லுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மலைக்கு இப்பால் இவ்வாறு இருக்க, அதே மாதத்தில் மலைக்கு அப்பால் மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கப்படுகிறது. ரமலான் மாதம் வந்தால் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் மாலைதோறும் நோன்புக் கஞ்சி மணக்கும். சாதி மதம் பாராது பாத்திரம் கொண்டுவருவோர்க்கெல்லாம் அது கிடைக்கும்.

புத்தர் கோயிலாயினும், அம்மன் கோயிலாயினும், பள்ளிவாசலாயினும், பலருக்கு வழங்க வேண்டும் என்ற எண்ணம் எழும்போது மக்கள் கஞ்சியையே நாடியிருக்கின்றனர். காரணம் எளியது. இட்டிலியும் தோசையும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கஞ்சி அப்படியன்று. எதிர்பாராது இருவர் வந்துவிட்டால் இரண்டு குவளை வெந்நீர் சேர்த்தால் போதும். பகிர்வதற்கென்றே பிறந்த உணவு அது.

புலம்பெயர்ந்தோர் கொணர்ந்த அரிசி

வேற்று நாட்டுக் கஞ்சி நம் வீட்டுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். செட்டிநாட்டுத் திருமண விருந்துகளில் கவுனி அரிசி இனிப்பு உண்டவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். கருஞ்சிவப்பு நிறமும் குழைந்து ஒட்டும் பதமும் உடைய அந்த அரிசி, வாணிகத்தின்பொருட்டுப் பர்மா சென்ற நகரத்தார் தம் ஊருக்குக் கொணர்ந்தது என்பது செட்டிநாட்டு வழக்கு. இன்று அதனை அயலுணவு என்று கருதுவார் யார்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் உறவினர்கள், இவ்வகைக் கருப்பரிசியைத் தேங்காய்ப் பாலுடன் இனிப்புக் கஞ்சியாக உண்கின்றனர். சீனரின் எண்மணிக் கஞ்சியிலும் இவ்வினத்து அரிசி இடம்பெறுகிறது. குடிபெயர்ந்தவன் தன் ஊர் உணவைச் சுமந்துசெல்வதோடு, சென்ற இடத்து உணவைத் தன்னதாக்கியும் கொள்கிறான்.

எட்டு மணிகளும் கிடைக்கும் இடமும்

எட்டு என்பது கண்டிப்பான கணக்கன்று. ஆறாயினும் பத்தாயினும் சீனர் குறை சொல்லார். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் பொருள்கள் மாறும். அவர்கள் இடுபவற்றையும், அவற்றுக்கு நிகராகக் கொச்சியில் கிடைப்பவற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஒட்டும் அரிசிக்கு நம் கவுனி அரிசி பொருந்தும். அதுவே கஞ்சிக்கு ஊதா நிறத்தையும் கொழுமையையும் தரும். கிடைக்காவிடில் தவிடு நீக்காத சிவப்பரிசி இடலாம்.

தினையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வள்ளி காத்த புனத்தின் விளைச்சல் அது. சீன நாட்டின் வடபகுதியிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராவது. மலையாளத்தில் 'தின' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். ஆனால் வெளுக்கத் தீட்டியதைத் தவிர்த்துத் தவிடுள்ளதைக் கேட்டு வாங்குக.

மூன்றாவது, முத்துப்போல் வெண்மையாக இருக்கும் ஒருவகைப் புல்லரிசி. சீனர் அதனை 'யீமி' என்பர். நம் கடைகளில் அரிதாகையால் முழு பார்லியை இடலாம்.

சீனரின் செம்பயறுக்கு இங்குள்ள வன்பயறு, அதாவது நம் சிவப்புத் தட்டைப்பயறு, நிறத்திலும் சுவையிலும் மிக நெருங்கியது. பச்சைப்பயறும் நிலக்கடலையும் இரு நாட்டுக்கும் பொதுவானவை.

தாமரை விதையை நாட்டு மருந்துக் கடைகளில் கேட்கலாம். மலையாளிகள் இக்கடையை 'அங்காடி மருந்துக்கடை' என்பர். பொரித்து விற்கும் மக்கானாவைத் தாமரை விதை என்று எண்ணி வாங்கிவிட வேண்டா. அது வேறொரு நீர்ச்செடியின் விதை, கஞ்சியில் இட்டால் பஞ்சுபோல் ஊறிக் கரையும்.

எட்டாவது, சீனரின் செங்கனி. அது நம் இலந்தையின் இனம். அதற்கு ஈடாகப் பேரீச்சம்பழம் போதும். சீனர் உலர்த்திய லோங்கான் என்னும் பழத்தையும் சேர்ப்பர். அது கேரளத்துத் தோட்டங்களில் காய்க்கும் ரம்புட்டானுக்கு உறவு. இல்லாவிடில் உலர்திராட்சை இடலாம். இனிப்புக்குக் கற்கண்டு.

காக்கநாட்டு அடுக்ககங்களில் வாழ்வோர் ஒரு விடுமுறை நாளில் மட்டாஞ்சேரி பஜார் ரோடுவரை சென்றுவந்தால், அரிசி மண்டிகளையும் மளிகைக் கிடங்குகளையும் குழந்தைகளுக்குக் காட்டியதாகவும் இருக்கும். தானியத்தைப் பொட்டலத்தில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளைகள், அதனைச் சாக்கிலிருந்து கையால் அள்ளிப் பார்ப்பதும் ஒரு கல்வியே.

செய்முறை

எட்டுப் பேருக்கு வேண்டிய அளவு: கவுனி அரிசி 50 கிராம், தினை 40 கிராம், பார்லி 30 கிராம், வன்பயறு 40 கிராம், பச்சைப்பயறு 30 கிராம், நிலக்கடலை 30 கிராம், தாமரை விதை 20 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 8, கற்கண்டு 60 முதல் 80 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு ஒரு சிட்டிகை.

முதல்நாள் இரவே கவுனி அரிசி, பார்லி, வன்பயறு, நிலக்கடலை, தாமரை விதை ஆகியவற்றைக் கழுவித் தனித்தனியே ஊறவைக்கவும். எட்டு மணி நேரம் ஊறினால் எரிபொருளும் மிச்சம், வயிற்றுக்கும் இதம். தாமரை விதையை இரண்டாகப் பிளந்து உள்ளிருக்கும் பச்சை முளையை நீக்கிவிடுக. நீக்காவிடில் கஞ்சி முழுவதும் கசக்கும்.

மறுநாள், ஊறிய பொருள்களை நீர் வடித்துக் குக்கரில் இட்டு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றவும். கஞ்சி நுரைத்துப் பொங்கும் இயல்பினது. ஆதலின் பாத்திரம் பாதிக்கு மேல் நிறையலாகாது. ஒரு சத்தம் வந்தபின் தீயைத் தணித்து 20 முதல் 25 நிமிடம் வைத்து இறக்கவும். ஆவி தானே அடங்கிய பின்னரே திறக்க வேண்டும்.

பிறகு தினையையும் பச்சைப்பயறையும் கழுவிச் சேர்த்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, மூடாமல் சிறுதீயில் அரை மணி நேரம் காய்ச்சவும். அடிபிடிக்காதபடி அவ்வப்போது துழாவிக்கொடுக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் பேரீச்சம்பழத்தை நறுக்கி இடுக. எல்லாம் நன்கு குழைந்த பின்னரே கற்கண்டும் உப்பும் சேர்க்கவும். இனிப்பை முன்னரே இட்டால் பயறு மென்மையாக வேகாது. இதுவே பலர் கஞ்சி கெடுவதன் காரணம். குக்கர் இல்லாதவர் கனத்த பாத்திரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் காய்ச்சலாம்.

இந்நிலையில் நம் கை தானாகவே ஏலக்காயையும் நெய்யையும் தேடும். முதன்முறையாவது அக்கையைத் தடுத்து நிறுத்துக! பாலும் நெய்யும் ஏலமும் சேர்ந்தால் அது நல்ல பாயசமாகிவிடும், கஞ்சியாக இராது. கடலையின் மணம், தாமரை விதையின் மாவுச்சுவை, பயறின் மண்வாசம் ஆகியவை தனித்தனியே நாவில் தெரிவதே இதன் அழகு.

ஆறினால் கஞ்சி இறுகும். வெந்நீர் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம். கொச்சியின் வெக்கையில் வெளியே வைத்தால் விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு கொதிக்கவைத்தே உண்க. வன்பயறுக்குப் பதிலாக ராஜ்மா இடுவோர், அதனைத் தனியே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தளதளவெனக் கொதிக்கவைத்து வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் பேதியும் உண்டாக்கும்.

உணவே, மருந்தன்று

சீன மருத்துவம் செங்கனியையும் லோங்கானையும் சூடு என்றும், பச்சைப்பயறையும் யீமியையும் குளிர்ச்சி என்றும் வகுக்கிறது. நம் பாட்டிமார் பேச்சும் அதுவே அல்லவா? மரபின் கூற்றுகள் மதிக்கத்தக்கவை. ஆயினும் இக்கஞ்சி இந்நோயைத் தீர்க்கும், அந்நோயை ஓட்டும் என்று பறைசாற்றுவது முறையாகாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: தவிடு நீக்காத தானியத்தில் நார்ச்சத்தும் பி வகை உயிர்ச்சத்துகளும் எஞ்சி நிற்கின்றன, தானியத்தோடு பயறு சேரும்போது ஒன்றில் குறைந்த புரதக்கூறுகளை மற்றொன்று நிறைவு செய்கிறது.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரும் ஆய்வு, நாட்டின் பெரியவர்களுள் 11.4 விழுக்காட்டினருக்கும், கேரளத்தில் 25.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்! முழுத்தானியம் என்பதாலேயே குழைந்த கஞ்சி அவர்களுக்குத் தீங்கற்றது என்று கருதலாகாது. நெடுநேரம் வெந்து குழைந்த தானியம் விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும். பேரீச்சையும் கற்கண்டைப் போலவே இனிப்புதான். அவர்களுக்கெனக் கற்கண்டு இடுவதற்கு முன்னரே ஒரு சிறு கிண்ணம் எடுத்துவைத்து, பயறின் பங்கைக் கூட்டி, மருத்துவர் சொல்லும் அளவோடு தரலாம். சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். கருவுற்ற பெண்கள் யீமியைத் தவிர்ப்பது சீனர் வழக்கம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கக்கூடும், மசித்தே கொடுக்கவும்.

நம் வீட்டுப் பானைகள்

நம் தாய்மார்கள் ஊரில் வைத்திருந்த பானைகளை எண்ணிப் பாருங்கள். தினைக்கு ஒன்று, வரகுக்கு ஒன்று, கேழ்வரகுக்கு ஒன்று, உளுந்துக்கு ஒன்று. வேலையின்பொருட்டு ஊர்விட்டு ஊர்வந்து, காலையில் இருவரும் பணிக்கு விரையும் வீட்டில் அப்பானைகள் ஒவ்வொன்றாக மறைந்து வெள்ளரிசியும் ரொட்டியும் மட்டுமே எஞ்சின. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. ஆனால் ஒரு தானியம் வாழ்வது விழாக்களால் அன்று. வாரம் ஒருமுறையேனும் அடுப்பில் ஏறுவதால்தான். பெயர் மறந்த தானியம் கடையிலிருந்து மறையும். கடையிலிருந்து மறைந்தது வயலிலிருந்தும் மறையும்.

எண்மணிக் கஞ்சி அதற்கு ஓர் எளிய வழி. ஒவ்வொன்றிலும் ஒரு பிடியே வேண்டும். ஆனால் அந்த ஒரு பிடிக்காக எட்டு டப்பாக்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். சனிக்கிழமை இரவு ஊறவைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு மணியின் பெயரையும் அவர்கள் தமிழில் சொல்லிச் சொல்லி எடுக்கட்டும். மலையாளப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்று. ஞாயிறன்று காய்ச்சியதில் ஒரு கிண்ணத்தை அடுத்த வீட்டு மலையாளக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். கர்க்கடகம் வரும்போது அந்தக் கிண்ணம் அவர்கள் வீட்டுக் கஞ்சியோடு திரும்பி வரும்.